கடலைப் பிரதிவாதியாகச் சேர்க்க முடியாது, அக்கா

வாசகர் கடிதம்:

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில் தென்கடல் ஓரம், மன்னார் வளைகுடாப் பக்கம். பெயர் போட வேண்டாம். எனக்கு வயது ஐம்பது, கடலில் பாசி எடுக்கப் போகிறவள். 2014-இல் என் மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே மூன்று வரிசை வீடுகளும், பனைமரங்களும், கரைவலை இழுக்கிற மணலும் இருந்தன. இன்று எங்கள் வீடுதான் முதல் வரிசை. நான்கு வருடங்களுக்கு முன்பு தெற்கே கடலுக்குள் கல் கொட்டிப் படகுத் தளம் கட்டினார்கள். அதற்குப் பிறகுதான் அரிப்பு வேகம் பிடித்தது. போன கச்சான் காற்றுக் காலத்தில் அடுப்படிச் சுவர் விழுந்துவிட்டது. எடுத்துக் கட்டப் போனால் கடலோரச் சட்டப்படி கூடாது என்கிறார்கள். வடக்கே இறால் பண்ணை வந்த பிறகு எங்கள் ஊற்றுத் தண்ணீரும் உப்பாகிவிட்டது. காலநிலை மாற்றத்திலிருந்து பாதுகாப்பு நம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாக என் மகன் சொல்கிறான். வழக்குப் போட முடியுமா? யார் மேல் போடுவது? அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு கேட்டு ஊரில் மறியல் செய்யப் போகிறார்கள். நானும் போகலாமா?

பதில்:

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மகன் சொன்னது சரி. ஆனால் அந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் மேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதும் தெரிந்துவிடும். 2024 மார்ச் மாதம் ரஞ்சித்சிங் என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது. காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து விடுபட்டு வாழும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 14, 21 ஆகிய பிரிவுகளுக்குள் இருக்கிறது என்பது அதன் சாரம். வழக்கு கடலைப் பற்றியது அன்று. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் அழிந்துகொண்டிருக்கும் கானமயில் என்ற பறவை மின்கம்பிகளில் மோதிச் சாகிறது, கம்பிகளைப் பூமிக்குள் புதையுங்கள் என்று கேட்ட வழக்கு. 2021-இல் புதைக்கச் சொன்ன அதே நீதிமன்றம், சூரிய மின்சாரத்துக்கு அது இடைஞ்சல் என்று அரசு முறையிட்டதும், 2024-இல் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டுவிட்டது. தளர்த்துவதற்குச் சொன்ன காரணங்களுக்கு நடுவில்தான் இந்த உரிமை பிறந்தது. யாருக்கு வீடு போனால் யார் எவ்வளவு தர வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. உங்கள் மனுவில் அந்தத் தீர்ப்பை ஒரு பத்தியில் எழுதுவேன். அதை மட்டும் நம்பி மனுவை எழுத மாட்டேன்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். கடலரிப்பு வழக்குகளில் 'காலநிலை மாற்றம்' என்ற சொல்லை நம்மைவிட எதிர்த்தரப்பு விரும்பிப் பயன்படுத்துகிறது. கல் கொட்டியவர்களும் அனுமதி கொடுத்தவர்களும் 'கடல் உலகம் முழுக்க உயர்கிறது, நாங்கள் என்ன செய்வது' என்று கையை விரிப்பார்கள். கடலுக்குச் சம்மன் அனுப்ப முடியாது. ஆகவே உலகக் கணக்கை நாமும் கையில் வைத்திருக்க வேண்டும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு 4 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது. பத்து ஆண்டுக்கு ஒரு சாண் கூட இல்லை, நான்கு விரல் அகலத்துக்கும் குறைவு. அது பெரிய ஆபத்து, உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் இன்னும் பெரிய ஆபத்து. ஆனால் மூன்று வரிசை வீடுகளையும் பனைகளையும் பத்தே ஆண்டுகளில் அது தனியாக விழுங்கியிருக்காது. கரைக்கு வர வேண்டிய மணல் எங்கோ நின்றிருக்கிறது.

எங்கே என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் மாதங்களில் தென்கடலில் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், மணலை வடகிழக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்கிலிருந்து வாடை வீசும் காலத்தில் திரும்பும். இரண்டும் சமமாக இருப்பதில்லை. நடுவில் கடலுக்குள் கல்லை நீட்டினால் ஒரு பக்கம் மணல் மேடாகும், மறுபக்கம் கரை பட்டினி கிடக்கும். உங்கள் ஊர் பட்டினிப் பக்கத்தில் இருக்கிறது. இது உங்கள் ஊர்க்கதை மட்டும் இல்லை. 1990 முதல் 2018 வரை மத்திய அரசின் கடலோர ஆய்வு மையம் எடுத்த கணக்கில், நாட்டின் கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் அது ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல்.

கல்லுக்கு முன்னால் நடந்ததையும் மறந்துவிடக் கூடாது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள்தான் அலையின் வேகத்தை உடைத்துவிட்டுக் கரைக்கு அனுப்பும் இயற்கைத் தடுப்பு. அந்தப் பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வண்டி வண்டியாக ஏற்றிய காலத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போனதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம். 2001-இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகுதான் வெட்டு ஓய்ந்தது. மிஞ்சிய பவளம் 2010-லும் 2016-லும் கடல் சூடேறி வெளுத்தது. காலநிலை மாற்றம் உங்கள் வீட்டைத் தொடும் வழி இதுதான்: முதலில் தடுப்பைக் கரைக்கிறது, பிறகு அலையை அனுப்புகிறது. (அதே வனவிலங்குச் சட்டம்தான் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகும் உங்களையும் மறிக்கிறது. பாறையை வெட்டியவனுக்கும் பாசியைக் கையால் பறிப்பவளுக்கும் ஒரே வேலியைப் போட்ட நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அதைத் தனியாகப் பேச வேண்டும்.)

இப்போது வழக்கு. போகவேண்டிய இடம் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. கரையில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லும் கடலோர அறிவிக்கைகள் எல்லாம் 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. அந்தச் சட்டம் தீர்ப்பாயத்தின் அதிகார அட்டவணையில் இருக்கிறது. வனவிலங்குச் சட்டம் அந்த அட்டவணையில் இல்லை. ஆகவே பவளத்தையும் பாசியையும் தூக்கிக்கொண்டு அங்கே போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். கல்லையும் கடலோர மண்டல வரைபடத்தையும் கொண்டு போனால் உள்ளே விடுவார்கள். மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் ரிட் மனு போடும் வழியும் அடைபடவில்லை.

யார் மேல் என்று கேட்டீர்கள். தளத்தைக் கட்டிய துறை, அனுமதிக்குப் பரிந்துரைத்த மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம், மாவட்ட ஆட்சியர். முதல் கேள்வி, அந்தத் தளத்துக்குக் கடலோர மண்டல அனுமதி இருந்ததா என்பது. இரண்டாவது, இருந்தால் அதில் என்ன நிபந்தனை போட்டார்கள் என்பது. வடக்குப் பக்கக் கரையை அளந்து கண்காணிக்க வேண்டும், அரித்தால் மணலை அள்ளிக் கொண்டுவந்து நிரப்ப வேண்டும் என்பது போன்ற நிபந்தனை இருக்கிறதா என்று தேடுங்கள். அனுமதியே இல்லை என்றால் வழக்கு சுலபம். அனுமதி இருந்து நிபந்தனை மீறப்பட்டிருந்தால் அதைவிடச் சுலபம், ஏனென்றால் அப்போது அவர்கள் கையெழுத்தே நமக்குச் சாட்சி.

இந்தப் பதிலில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது தேதியாக இருக்கட்டும். தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் வழக்குப் போட, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. அது உங்களுக்கு எப்போதோ போய்விட்டது. 15-ஆம் பிரிவில் இழப்பீடும், கெட்டுப்போன சொத்தையும் சூழலையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படியும் கேட்கலாம். அதற்குக் கெடு ஐந்து ஆண்டு. தகுந்த காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. 'முதலில் எழுந்த நாள்' என்பதைக் கல் கொட்டிய நாளாகவே எதிர்த்தரப்பு எண்ணும். நான்கு ஆண்டு போய்விட்டது என்கிறீர்கள். கையில் மீதி ஒன்றே ஒன்று.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலோர ஊர்க்காரர்கள் என்னிடம் வந்தார்கள். ஓர் அலுவலகம் 'ஆய்வு நடக்கிறது, அறிக்கை வரட்டும்' என்று அவர்களை நல்ல வார்த்தை சொல்லியே இழுத்தடித்திருந்தது. நானும் அந்த அறிக்கை கையில் வந்தால் மனு பலமாக இருக்கும் என்று காத்திருந்தேன். அறிக்கை நன்றாகத்தான் வந்தது. கெடு முடிந்து மூன்று மாதம் கழித்து வந்தது. அன்றிலிருந்து நான் அறிக்கைக்குக் காத்திருப்பதில்லை.

செலவைப் பற்றிப் பயப்படாதீர்கள். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்று. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணமே இல்லை. மனுவை உங்கள் பெயரில் போடுங்கள், வீட்டுக்காரர் பெயரில் வேண்டாம். 1987 சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. இராமநாதபுரத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத்தாள் மனு போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

அடுப்படிச் சுவருக்கு வருகிறேன். 'கடலோரச் சட்டப்படி கூடாது' என்று வாயால் சொன்னவரிடம் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார், ஏனென்றால் சட்டம் அவ்வளவு தட்டையாக இல்லை. 1991, 2011, 2019 என்று மூன்று அறிவிக்கைகள் வந்திருக்கின்றன. 2019 அறிவிக்கை, அதற்கேற்ற புதிய வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகுதான் ஓர் ஊருக்குப் பொருந்தும், அதுவரை 2011 அறிவிக்கைதான். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது, 'என் சர்வே எண்ணுக்கு இன்றைய தேதியில் எந்த அறிவிக்கையின் வரைபடம் நடப்பில் இருக்கிறது, அதில் என் வீடு எந்த வகையில் வருகிறது' என்பது. 2011 ஆனாலும் 2019 ஆனாலும், ஊரகக் கரைப் பகுதியில் ஏற்கெனவே அனுமதியோடு இருக்கும் வீட்டைப் பழைய அடித்தள அளவுக்குள் பழுதுபார்க்கவும் திரும்பக் கட்டவும் தடை இல்லை.

'அனுமதியோடு' என்ற சொல்லில்தான் நம் ஜனங்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பாட்டன் காலத்துக் குடிசை, பிறகு ஓடு, பிறகு தொகுப்பு வீடு. இதில் யார் எந்த அனுமதியை எங்கே வாங்கி வைத்திருக்கிறார்கள்? இதற்கு ஒரு கதவு 2011 அறிவிக்கையிலேயே இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1991 அறிவிக்கைப்படி கட்டத்தக்கதாக இருந்தும் முறையான ஒப்புதல் வாங்காமல் போன மீனவர் வீடுகளையும் பாரம்பரியக் கடலோர மக்களின் வீடுகளையும் வரன்முறைப்படுத்தலாம் என்கிறது ஆறாம் பத்தி. நிபந்தனை இரண்டு: வீட்டில் வியாபாரம் நடத்தக் கூடாது, கடலோரச் சமூகத்தைச் சேராதவருக்கு விற்கக் கூடாது. விடுதி கட்டுகிறவர்கள் அறிவிக்கையின் ஒவ்வொரு காற்புள்ளியையும் படித்து வைத்திருக்கிறார்கள். இந்தப் பத்தியைக் காட்டி ஒரு மனுவாவது உங்கள் ஊரிலிருந்து போயிருக்கிறதா என்று விசாரியுங்கள்.

வரைபடத்தை வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். மீனவக் கிராமம், படகு நிறுத்துமிடம், மீன் காயப்போடும் இடம், பொது இடங்கள் எல்லாம் அதில் குறிக்கப்பட வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் வெளியான வரைவு வரைபடங்களில் இவை விட்டுப்போயின என்று மீனவர்கள் கரை நெடுகிலும் ஆட்சேபித்தார்கள். கரைவலை இழுக்கும் இடமான பாடு வரைபடத்தில் இல்லை என்றால் நாளை அது வெறும் புறம்போக்கு. கிராமசபையில் பாடுகளின் பெயரைச் சொல்லி ஒரு தீர்மானம் போட்டு வையுங்கள். ஆட்சியர் தலைமையில் இருக்க வேண்டிய மாவட்டக் குழுவில் கடலோர மக்கள் மூன்று பேராவது உறுப்பினராக இருக்க வேண்டும் என்பதும் அறிவிக்கையில் இருக்கிறது. அந்த மூன்று பேர் யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

இறால் பண்ணையை இந்த மனுவோடு சேர்க்காதீர்கள். காரணம் வேறு, சாட்சி வேறு, கலந்தால் இரண்டும் நீர்த்துப்போகும். அதற்கு ஒரு பழைய கதை உண்டு. அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துச் செங்கப்படையில் பிறந்த சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதன், இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பரில் வென்றார். ஓதம் ஏறும்போது கடல்நீர் எட்டும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் பாரம்பரிய முறை தவிர்த்த பண்ணை கூடாது, கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அப்புறம் என்ன ஆயிற்று? 2005-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, கடலோர மண்டலத் தடை இறால் பண்ணைகளுக்கு எப்போதுமே பொருந்தியதில்லை என்று பின்தேதியிட்டு எழுதிவிட்டது. 500 மீட்டர் 200 ஆனது. 2023-இல் இன்னொரு திருத்தம் வந்து, குஞ்சு பொரிப்பகம் போன்றவற்றுக்கு அந்த 200 மீட்டருக்குள்ளும் வழிவிட்டது, சிறைத் தண்டனையையும் எடுத்துவிட்டது. நீதிமன்றத்தில் வென்றதை ஒரு சட்டத்தால் தோற்க முடியும் என்பதற்கு எங்கள் தொழிலில் இதைவிட நல்ல பாடம் இல்லை.

ஆனாலும் பதிவு இல்லாமல் பண்ணை நடத்த முடியாது என்பது மட்டும் மாறவில்லை. 2005 சட்டத்தோடு வந்த நெறிகள் குடிநீர் ஆதாரத்துக்கும் பண்ணைக்கும் 100 மீட்டர் இடைவெளி கேட்டன. கடலோர மீன்வளர்ப்பு ஆணையத்தின் பதிவு எண் என்ன, குளங்களின் சர்வே எண்கள் என்ன என்று மீன்வளத் துறையிடம் கேளுங்கள். ஊற்றுத் தண்ணீரை அரசு ஆய்வகத்தில் கொடுத்துச் சீட்டு வாங்குங்கள். கொட்டாங்குச்சியால் கோரிக் குடித்த தண்ணீர் உப்பென்று உங்கள் நாக்குக்குத் தெரியும். தீர்ப்பாயத்துக்குச் சீட்டு வேண்டும்.

நிவாரணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். புயலில் சுவர் விழுந்திருந்தால் பேரிடர் நிதியில் பணம் உண்டு. மெல்ல மெல்ல அரித்து விழுந்தால் இல்லை, மத்திய அரசின் பேரிடர்ப் பட்டியலில் கடலரிப்பு கிடையாது. புயல், சுனாமி, ஆலங்கட்டி மழை, பூச்சித் தாக்குதல் வரை இருக்கிறது. 1964-இல் தனுஷ்கோடியை ஒரே இரவில் கொண்டுபோன கடலைச் சட்டத்துக்குப் புரிகிறது. பத்து வருடம் எடுத்துக்கொண்டு உங்கள் ஊரைக் கொண்டுபோகும் அதே கடல் புரிவதில்லை. 15-ஆவது நிதிக்குழு இதை உணர்ந்து, 2021 முதல் 2026 வரைக்கு அரிப்பைத் தடுக்க 1,500 கோடியும், அரிப்பால் இடம்பெயர்ந்தவர்களைக் குடியமர்த்த 1,000 கோடியும் நாடு முழுமைக்கும் ஒதுக்கப் பரிந்துரைத்தது. கேரளம் கடலரிப்பை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கும் மீனவக் குடும்பத்துக்கு நிலமும் வீடும் வாங்க 10 லட்சம் ரூபாய் தரும் திட்டத்தையும் கொண்டுவந்தது. நம் மாநிலம் 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலுக்குச் செய்ததைக் கடலரிப்புக்கும் செய்யுங்கள் என்று கேட்பது வழக்கு மன்றத்தில் கேட்கும் கேள்வி இல்லை, சட்டமன்ற உறுப்பினர் வீட்டு வாசலில் கேட்கும் கேள்வி. மறியலுக்கான ஆள்பலத்தை அங்கே திருப்பலாம்.

ஆம், மறியல். போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? ஆனால் தூண்டில் வளைவு கேட்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. தெற்கே கொட்டிய கல் உங்களுக்குச் செய்ததை, உங்கள் ஊரில் கொட்டும் கல் வடக்கே இருக்கும் ஊருக்குச் செய்யும். அங்கே உங்கள் சம்பந்தி வீடு இருக்கலாம். கல்லுக்குப் பதிலாக, தளத்தின் தெற்கே குவிந்திருக்கும் மணலை ஆண்டுதோறும் அள்ளி வடக்கே போடும்படி கேட்கலாம். ஒப்பந்தக்காரர்களுக்கு அதில் கல்லில் வருகிற அளவு ருசி இல்லை என்பதால் அந்தக் கோரிக்கை மேடையேறுவதில்லை. மனுவில் அதைத்தான் முதல் வேண்டுதலாக எழுத நினைக்கிறேன். ஊர்க்கூட்டத்தில் பேசிப் பாருங்கள். கோபம் வரும். வந்தாலும் பரவாயில்லை, மனு போடுவதற்கு முன்னால் வரட்டும்.

இந்த மாதத்துக்குள் வாருங்கள், அக்கா. தளத்துக்கு அடிக்கல் நாட்டிய செய்தி வந்த பழைய நாளிதழ் யாரிடமாவது இருந்தால் எடுத்து வையுங்கள், கெடுவை எண்ண அந்தத் தேதி வேண்டும். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, விழுந்த சுவரைத் தேதியோடு எடுத்த படம், கடலுக்குள் போன மூன்று வரிசை வீட்டுக்காரர்களின் பெயர்ப் பட்டியல், இவையும் வேண்டும். மகளின் கல்யாண ஆல்பத்தை மறந்துவிடாதீர்கள். வாசலில் நின்று எடுத்த படத்தில் பின்னால் பனைமரங்கள் தெரிந்தால், அவற்றை எண்ண வேண்டும்.